சவுக்குத் தோப்பில் ராக்கம்மா வரிசை

கஜா புயல் அடித்து, கார்த்திகை தீபத்தன்றும் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அதற்கு மறுவருஷம்தான் மணமேல்குடிப் பக்கம் சவுக்கு நர்சரியில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தது. எங்களோடு நின்ற ராக்கம்மா போய்விட்டாள். மீமிசலில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அவள் மகன் போனில் சொன்னான். மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புயலில் கடலோரத் தோப்பு மொத்தமும் சாய்ந்து, மணல் எங்கள் வாசல்வரை ஏறிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குள் கன்று ஊன்றாவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று பேச்சு. ராக்கம்மா, சவரிமுத்து, காளியம்மை, நான், நாலு பேரும் குழித்தட்டில் கன்று வளர்த்தோம். மண்ணுக்குப் பதில் தேங்காய்நார்த் தூள். எங்களில் யாருக்கும் எழுத்து தெரியாது; அதனால் தட்டு வரிசைகளுக்கு எங்கள் பேரையே வைத்தாள் ராக்கம்மா. காலையில் தண்ணீர் ஊற்றும்போது, "சவரியண்ணன் வாடிக் கெடக்காரு, கருப்பையாண்ணனுக்கு எறும்பு ஏறுது" என்று சத்தம் கொடுப்பாள். கருப்பையா நான்தான்.

நார்த்தூளில் உப்பும் கறையும் இருக்கும், கழுவித்தான் போட வேண்டும். அவள் கழுவுவதைப் பார்த்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும்வரை விடமாட்டாள். பழைய சவுக்குத் தோப்பு மண்ணும் ஒரு பிடி கலக்கச் சொல்லியிருந்தார் நர்சரி சார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "அரிசியைக் களைஞ்சு வச்சிட்டு மண்ணை அள்ளிப் போடுவாங்களா?" என்று விட்டுவிட்டாள்.

ஆவணியில் கன்றெல்லாம் சத்தில்லாமல் மஞ்சளித்துப் போனது. அழித்து மறுபடி விதைத்தால் மழைக்குள் தேறாது. வேண்டாமென்ற அதே மண்ணை அள்ளக் கூடையோடு சாய்ந்த தோப்புக்கு நடந்தாள். பின்னால் போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்கண்ணே. இந்தக் கூடையைத் தூக்கிக்கிட்டே சிரிங்க."

விழுந்த மரங்களின் வேரடி மண்ணை அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்துக் குழி குழியாக ஊற்றினோம். பழைய மண்ணிலிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏறி, கன்றுக்குச் சத்து கொடுக்கும் முடிச்சு வேரில் விழுந்தது. கன்று பச்சை கட்டியது. ஒன்றைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்த மரம் பால் குடுத்திருக்குண்ணே" என்றாள்.

மழைக்கு முன்னால் ஊன்றினோம், அதே பேர் வரிசையில். இன்று மணல் தோப்புக்கு அங்கிட்டே நின்றுவிடுகிறது.

சவரிமுத்து கொரோனாவில் போனார். காளியம்மை போன தையில். நேற்று ராக்கம்மாவை எடுத்த பிறகு தோப்புக்குப் போனேன். அவள் சத்தம் கொடுத்த மாதிரியே ஒவ்வொரு வரிசையாகப் பேர் சொல்லி நடந்தேன். அந்தப் பழக்கம்தான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம். மூன்று பேருக்கும் சவுக்குதான் இரைந்தது. "இருக்கேன்" என்று சொல்ல ஆள் இருப்பது ஒரு பேருக்குத்தான்: கருப்பையா.