நான்காவது வரியில் ஒத்திகை

சூரியன் தினமும் எழுந்ததும் முகம் கழுவி, "இன்றைக்கு அந்த அம்மாள் வேலைக்குப் போகிறாளா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வெளியே வரும். போகிறாள் என்று தெரிந்தால் தன் கொதிப்பைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். உலகத்தில் பறக்கிற அத்தனை விமானங்களும் அவளுடைய பென்சில் முனையில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவள் ஒரு தும்மல் போட்டால் வடதுருவத்தில் நாலு விமானம் தடம் மாறும். இதையெல்லாம் நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்றால் உங்களைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நிஜத்தில் அவள் ஐந்தடிகூட இல்லை. பேருந்தில் மேல் கம்பி எட்டாது. லிஃப்டில் தனியாகப் போகப் பயம், பல்லிக்குப் பயம், பிரஷர் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பயம். பார்க்கிற வேலையோ இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பயம்.

சூரியன் அவ்வப்போது நெருப்பைக் கக்கும். தரையில் நடக்கிற நமக்கு அதில் ஒன்றும் ஆகாது. துருவத்துக்கு மேலே பறக்கிற விமானத்துக்குத்தான் கஷ்டகாலம். ரேடியோ வாயடைத்துப் போகும். இருக்கிற இடத்தைக் காட்டுகிற கருவி உளற ஆரம்பிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் கண்ணுக்குத் தெரியாத கதிர் பாயும். இது வரப்போகிறது என்று விமான நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப உலகத்தில் சில மையங்கள் இருக்கின்றன. சூரியனுக்கு வானிலை அறிக்கை வாசிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒழுங்காகச் சொல்கிறார்களா, நேரத்துக்குச் சொல்கிறார்களா என்று மூலையில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவள் இவள். தணிக்கையாளர்.

வீட்டில் அவளுக்கு "ஆதாரம்" என்று பெயர். "பல் தேய்ச்சியா?" என்பாள். தேய்த்தேன் என்றால் போதாது, போய் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். அதனால் மகள் பல் தேய்க்காமலே பிரஷை நனைத்து வைக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்த வாரம் ஆதாரம் பற்பசைக் குழாயை எடை போட்டாள்.

மகளுக்கு "வாலு" என்று பெயர். வயது பதினாறு. பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் பாதி உறவுதான். வாலுவின் முக்கியத் தொழில் அம்மாவுக்குப் பொய்ச் செய்தி அனுப்புவது. "வீட்டுல தண்ணிக் குழாய் உடைஞ்சு சோபா மிதக்குது." "தலைமையாசிரியர் உன்னை வரச் சொன்னார்." "நான் மொட்டை அடிச்சுக்கிட்டேன்." ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொரு செய்தி போகும்: "சும்மா." அந்த ஒரு நிமிடம் அம்மா படுகிற பாடுதான் வாலுவுக்குச் சம்பளம்.

"ஒருநாள் நிஜமாவே ஏதாவது ஆகும்டி. அன்னிக்கும் நான் சும்மான்னுதான் நினைப்பேன்."

"அப்ப சும்மா இல்லன்னு எழுதுறேன்மா. கவலைய விடு."

வீட்டில் மூன்றாவது ஆள் அப்பா. துணை விமானி. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினால் அவர் தரையிறங்குகிற வரைக்கும் ஆதாரத்துக்குச் சோறு இறங்காது. வானத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? சூரியன் நெருப்பைக் கக்கினால் சிவப்பாகிற செயலி ஒன்றை வாலுவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். விளையாட்டு ஏற்ற இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டதாக வாலு சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை ஆதாரம் தணிக்கைக்குப் போன மையம் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேண்டாம் என்று படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பணி அறை வாசலில் சின்னச் சின்னப் பெட்டிகள். போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே நாலு திரை, மூன்று கடிகாரம், சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற தண்ணீர்க் குடுவை. பணி மேசையில் ஒரு இளம்பெண், இரண்டு வருட அனுபவம். பக்கத்து மேசையில் அவள் அனுப்புகிறதைச் சரிபார்க்கிற நடுவயதுக்காரர். எல்லோருக்கும் மேலே தலைமைக் கணிப்பாளர். ஒல்லியாக, ஆன்டெனா மாதிரி ஒரு மனிதர்.

காலை பதினொரு மணிக்கு ஆதாரம் தலைமைக் கணிப்பாளரிடம், "ஒரு ஒத்திகை பண்ணிக் காட்டுங்க" என்றாள். இல்லாத புயல் ஒன்றை இருப்பதாக வைத்து எச்சரிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அதன் நான்காவது வரியில் 'நிலை: ஒத்திகை' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் விமான நிறுவனங்களின் கணினிகள் தாமாகவே அதை ஓரமாகத் தள்ளிவிடும். இளம்பெண் பதினொரு நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். ஆதாரம் எழுதினாள்: 'மிக நன்று.' அவள் வாயிலிருந்தோ பென்சிலிலிருந்தோ 'மிக நன்று' வருவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. வாலு இதுவரை ஒன்றுகூட வாங்கியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். மணி ஒன்று இருபது. வாலுவிடமிருந்து அப்போதுதான் ஒரு செய்தி வந்திருந்தது: "அப்பா இப்பதான் கூப்பிட்டாங்க. யாருக்கோ உடம்பு சரியில்லையாம். அப்பா விமானம் மாறிட்டாங்க. துருவத்து வழி."

"போடி" என்று பதில் அனுப்பிவிட்டுப் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டாள். அந்த 'சும்மா' வருகிற ஒரு நிமிடம் வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு ஒரு திரை சிவந்தது. பிறகு இரண்டாவது திரை. யாரும் கத்தவில்லை. அந்த அறையில் பயம் சத்தம் போடாது. நாற்காலி நகரும், விசைப்பலகை வேகம் எடுக்கும், பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். நிஜமான புயல், பெரிசு. துருவத்துக்கு மேலே ரேடியோ சீக்கிரம் செத்துப்போகும் என்று எண்கள் சொல்லின. இளம்பெண் எழுதினாள், அனுப்பினாள். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

ஆதாரம் மூலையில் இருந்த நகலை எடுத்து வாசித்தாள். எண்கள் சரி. நேரம் சரி. நான்காவது வரி: 'நிலை: ஒத்திகை.'

நடந்தது இதுதான். அந்த மையத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வெற்றுப் படிவம் எடுத்தால் இருபது கட்டம் நிரப்ப வேண்டும் என்று, கடைசியாக அனுப்பிய செய்தியைத் திறந்து எண்களை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான், ஒரு பிசகும் வந்ததில்லை. ஆனால் இன்றைக்குக் கடைசியாகப் போனது ஒத்திகைச் செய்தி. அதைக் கேட்டு வாங்கியது ஆதாரம்.

தணிக்கைக்கு வருகிறவர் பணி மேசையில் இருப்பவரிடம் பேசக் கூடாது என்பது விதி. அனுப்பிய செய்தியை இரண்டாவது ஆள் ஐந்து நிமிடத்துக்குள் வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அவர் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று ஆதாரம் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வசமாக ஒரு குறை சிக்கியதில் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சிகூட இருந்தது. நடுவயதுக்காரர் விரலை வைத்து வாசித்தார். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. விரல் நான்காவதைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விட்டது. காலையில் வாசித்த அதே வரிதானே, கண் பழகிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

மூன்று நிமிடம் போய்விட்டது. அப்போதுதான் அவளுக்கு வாலுவின் செய்தி ஞாபகம் வந்தது. 'சும்மா' வந்ததா? வந்திருக்கும். வாலுதானே. வராமல் இருந்திருந்தால்?

அவள் எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நாலாவது வரியப் பாரும்மா!"

இளம்பெண் திரும்பினாள். "மேடம், நீங்க பேசக் கூடாதுன்னு..."

"விதிய நான்தான் எழுதினேன். நாலாவது வரியப் பாரு!"

பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதல் தடவை தப்பான விசையை அழுத்தினாள். இரண்டு ஐம்பத்தேழுக்குத் திருத்திய செய்தி போனது. தலைமைக் கணிப்பாளர் துருவ வழியில் விமானம் விடுகிற நிறுவனத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வைத்தார்.

"மொதல்ல வந்தது ஒத்திகைன்னு ஓரமாப் போயிடுச்சு சார். இப்ப வந்தது கெடச்சுது. எங்க விமானம் ஒண்ணு அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டிருக்கு. தெற்கால திரும்பச் சொல்லி அனுப்பிட்டோம். பதில் வரல."

"எவ்வளவு நேரமா?"

"அனுப்பினதிலேருந்தே. ரேடியோ இரைச்சல்தான் கேக்குது."

ஆதாரம் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அந்த விமானத்துல... துணை விமானிய இன்னிக்கு மாத்தினீங்களா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "ஆமா மேடம். ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் இருப்பதிலேயே மோசம். மூன்று கடிகாரமும் ஒரே நேரத்தை மூன்று விதமாகக் காட்டின. குடுவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் சொட்டுகளை எண்ணினாள், நானூறோடு விட்டுவிட்டாள். அந்த ஐந்து நிமிடத்தில் விமானம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டாள். எழுபது கிலோமீட்டருக்கு மேல். அதில் மூன்று நிமிடம் தன்னுடையது. எத்தனை கிலோமீட்டர்? மறுபடி போட்டாள். விடை மாறவில்லை. காலையில் அவர் படியிறங்கும்போது, "குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

போனை எடுக்க வாசல் பெட்டிவரைக்கும் போனாள். சாவியைத் துவாரத்தில் வைத்தாள். திறந்தால் என்ன இருக்குமோ என்று பயந்து, திறக்காமலே திரும்பி வந்தாள்.

இளம்பெண் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் வந்தாள். "வீட்டுக்காரரா மேடம்?"

தலையசைத்தாள்.

"என்னாலதான்."

"இல்லம்மா. ஒத்திகை கேட்டது நான். பார்த்துட்டும் உக்காந்திருந்தது நான். நீ போய் திரையப் பாரு. வேற விமானமும் வரும்ல?"

அந்த நேரத்தில் வீட்டில் வாலு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். சோபாவில் கால் நீட்டிப் படுத்து, ஒரு பெரிய பாக்கெட் வறுவலைத் தின்றபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கவலை கிடையாது. கல்நெஞ்சக்காரி.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தொலைபேசி அடித்தது. தலைமைக் கணிப்பாளர் எடுத்தார். ஒலிபெருக்கியில் வைக்க மறந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்து யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆன்டெனாவுக்கு ஏது முகம்? அவர் ரிசீவரை வைத்தார். "திரும்பிட்டாங்களாம் மேடம். கம்பெனி அனுப்பினது அவங்களுக்கு அரையும் குறையுமா கேட்டிருக்கு, அத வச்சே தெற்கால வந்துட்டாங்க. அவங்க பதில்தான் கீழ வரல. இப்பதான் ரேடியோ வாயத் தொறந்துச்சு."

ஆதாரம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறிக்கை எழுதினாள். குறை ஒன்று: பழைய செய்தியைத் திருத்தி அனுப்பும் பழக்கம். குறை இரண்டு: வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சரிபார்த்தல். குறை மூன்று: 'தணிக்கையாளர் பிழையைக் கண்ட பிறகும் மூன்று நிமிடம் பேசாமல் இருந்தார். காரணம், குறை பிடித்த மகிழ்ச்சி.' தலைமைக் கணிப்பாளர் அதை வாசித்துவிட்டு, "இது வேண்டாமே மேடம், யார் கேக்கப் போறாங்க?" என்றார். "நான் கேப்பேன்" என்றாள்.

அப்பா மறுநாள் வந்தார். குடையை ஆட்டிக் காட்டி, "எடுத்துக்கிட்டேன்மா, ஆதாரம்" என்று சிரித்தார். அவள் சிரிக்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விடுகிறவரைக்கும் அவரும் அசையவில்லை.

மேலே இருக்கிற இத்தனையும், அம்மா அப்பாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டு, ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, சோபா இடுக்கில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பதினோரு நாள் கழித்து ஆதாரம் அதைக் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கையில் பென்சிலோடு, முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"சூரியன் என்னைக் கேட்டுட்டா வெளிய வருது? ஆதாரம் எங்க?"

"அது சும்மாம்மா. ஆரம்பம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்ல."

"பல்லி சரி. குக்கர் ரெண்டாவது விசில், மூணாவது இல்ல." திருத்தினாள். பக்கம் திருப்பினாள். மூன்று நிமிடத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை வாசித்து, ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டாள். பிறகு பென்சில் ஒரு இடத்தில் வந்து நின்றது. "சோபா, வறுவல், கார்ட்டூன். இதுக்கு என்ன ஆதாரம்?"

"நேர்ல பார்த்த சாட்சி. நானேதான்."

ஆதாரம் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து, திரையை வாலுவின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"ஒண்ணு இருபத்தொண்ணு. 'சும்மா இல்லம்மா, நிஜம்.' ரெண்டு நாப்பத்தாறு, தவறிய அழைப்பு. ரெண்டு நாப்பத்தெட்டு, தவறிய அழைப்பு. ரெண்டு நாப்பத்தொம்போது..." விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "மொத்தம் முப்பத்தொண்ணு. அழிச்சிட்டேன்னு சொன்னியே ஒரு செயலி, அது எப்படிடி ரெண்டே முக்காலுக்கே உனக்குச் சொல்லுச்சு?"

"கை பட்டிருக்கும்."

"முப்பத்தொரு தடவையா?"

வாலு சோபாத் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆதாரம் அதைப் பிடுங்கவில்லை. நோட்டில் 'கல்நெஞ்சக்காரி' என்ற வார்த்தையை மட்டும் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதினாள்: 'தவறான தகவல். நிலை: ஒத்திகை அல்ல.'