கொட்டு நின்ற பாலம்

எங்கள் காலனிக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே ஓடை. அதன்மேல் இரும்புக் கம்பியில் பலகை கோத்த தொங்கு பாலம். அம்மாவும் அம்மாவின் தங்கையான சித்தியும் காலையில் அதைத் தாண்டிப் போய்த்தான் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுவார்கள்.

அந்தப் பாலத்தை ஆட்டிவைக்கும் வித்தையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் மாமா, அவர்கள் இருவருக்கும் அண்ணன். எம்புட்டுக் குதித்தும் அசையவில்லையே என்று நாங்கள் சலித்து நின்றபோது, பலமே வேண்டாம் என்றார். பாலம் இறங்கும்போது மிதிக்க வேண்டும், ஏறும்போது சும்மா இருக்க வேண்டும். அதன் தாளத்துக்குக் கால் வைத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நாலு பொடிசுகள் மிதித்த மிதியில், வேலை விட்டு வந்த சித்தி நடுப்பாலத்தில் தூக்குவாளியோடு கம்பியைக் கட்டிக்கொண்டு, அண்ணனையும் எங்களையும் சேர்த்து வைதாள். வைதுகொண்டே சிரித்தாள்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் சித்தி வேலை பார்த்த அறை வெடித்தது. வேறு அறையில் இருந்த அம்மா தப்பினாள். சித்தியை முழுக்கச் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி நான் அழுதும் யாரும் துணியை விலக்கவில்லை.

சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். பெண்கள் இக்கரையிலேயே நின்றுவிட்டோம். கொட்டுக்காரர்கள் முன்னே போக, பின்னால் பாடை. முன்பக்கம் தோள் கொடுத்தவர் மாமா. கொட்டின் அடிக்கு எல்லார் காலும் ஒன்றாக விழுந்தது. நடுவே போனதும் பாலம் ஆடத் தொடங்கியது. விழாமலிருக்க அந்த ஆட்டத்துக்கே எல்லாரும் கால் வைக்க, அது இன்னும் கூடியது. பாடை ஒருபக்கம் சரிந்தது. அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

"கொட்ட நிப்பாட்டுங்கப்பா! ஒண்ணுபோல மிதிக்காதீக, முன்னப்பின்ன வச்சு நடங்க!" மாமாவின் குரல் கிழிந்து வந்தது.

கொட்டு நின்றது. ஆட்டம் மெல்ல அடங்கியது. ஆளுக்கொரு தினுசாய்த் தடுமாறி, சத்தமே இல்லாமல் சித்தியை அக்கரை சேர்த்தார்கள். கொட்டுகூட இல்லாமல் கொண்டுபோகிறாரே என்று எனக்கு மாமா மேல் ஆத்திரமான ஆத்திரம்.

கம்பெனி மறுபடி திறந்த அன்று அம்மா வேலைக்குக் கிளம்பினாள். பெண்கள் இடைவெளி விட்டு, பேசாமல், ஒவ்வொருத்தராய்ப் பாலத்தைக் கடந்தார்கள். அது அசையவே இல்லை. எல்லாரும் ஏறிய பிறகும் அம்மா மட்டும் வேன் கதவைப் பிடித்தபடி கீழேயே நின்றாள்.

"அதான் பாலத்தத் தாண்டிட்டியேம்மா, இன்னும் எதுக்குப் பயப்படுற?" என்று இக்கரையிலிருந்து கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.