பின் சீட்டுக்கு அடியில்

என் மனைவி போன பிறகு கார் பல வாரம் அவிநாசி வீட்டு வாசலிலேயே நின்றது. கோவை ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போய் வந்த கார். மறுபடி எடுத்தபோது பெட்ரோல் முள் எழவே இல்லை. டேங்க்கை நிரப்பியும் காலி என்றே காட்டியது.

அவளுடைய தம்பி சூலூரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். காரியம் முடிந்ததிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பக்கத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தும், வண்டியை அவனிடம்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

வாங்க மாமா என்றவன், முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டான். ஃபியூஸ் சரியாக இருந்தது. கோளாறு முன்னால் மீட்டரிலா, பின்னால் டேங்க்குக்குள் இருக்கும் மிதவையிலா என்று தெரிய வேண்டும், அதற்குப் பின் சீட்டைக் கழற்ற வேண்டும் என்றான்.

சீட்டைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அடியில் முடி கிடந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அவள் பின் சீட்டில் படுத்துத்தான் வருவாள். அப்போது உதிர்ந்த முடியெல்லாம் இடுக்கு வழியாக இறங்கி, தூசியோடு சுருண்டு கிடந்தது. குமட்டலுக்கு அவள் முகர்ந்துகொண்டே வரும் எலுமிச்சம்பழம் ஒன்றும் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

டேங்க் மூடியைத் திறக்கும் முன் அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். தூசி உள்ளே விழக்கூடாது. காற்றடிக்கும் குழாய் அவன் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் போய், கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து, இழை இழையாகப் பொறுக்க ஆரம்பித்தான். நானும் குனிந்தேன்.

"நான் வந்தப்பெல்லாம் அக்கா முக்காடு போட்டிருந்துச்சுங்க மாமா. குளிருதுன்னுதான் சொல்லுச்சு. நானும் நம்பிப்போட்டேன்."

"நீ தாங்க மாட்டீன்னு மறைச்சுப்போட்டா, கண்ணு."

பொறுக்கியதை என் கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டேன்.

பிறகு வேலையைப் பார்த்தான். டேங்க்கிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னான். முள் கடகடவென்று உச்சிக்குப் போனது. மீட்டரில் குறையில்லை, டேங்க்கைத் திறந்து பார்த்தால் மிதவையைத் தாங்கும் கம்பியின் அடியில் இருந்த தகடுதான் தேய்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்றை வரவழைத்து மாட்டும் முன் மிதவையைக் கையால் மெல்ல உயர்த்தி, முள் ஏறுகிறதா என்று கேட்டான். ஏறுகிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் கிளம்பும்போது ஷட்டரை இழுத்து மூடினான்.

"நானும் ஊட்டுக்கு வாரேனுங்க மாமா."

வீட்டுக்குள் வந்தவன் நேராகச் சமையலறை வாசல் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாவுக்கு வந்த அன்று ஆள்களைக் கவனிப்பதிலேயே நின்றவன், இப்போதுதான் அழுதான். நான் டீ போட்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தேன். அதில் ஆடை படியும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் பஸ் ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். சரி என்றேன்.