புற்றைத் திறக்கக் கரையாத்தா தந்த உத்தரவு

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஓடைக்கரையின் மேல் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்க்கவுண்டர் இருந்தார். பூசாரி சடையன் மாமா இருந்தார். மண்வெட்டியும் கூடையுமாக ஆணும் பெண்ணும் முப்பது பேர் இருந்தோம். ஒரு கருப்புக் கிடா இருந்தது. இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். கரையைக் கட்டிய மேஸ்திரி இல்லை. அதன்மேல் ஏறிக்கூடப் பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட்ட ஓவர்சியர் இல்லை. என் மச்சான் வெள்ளையன் பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலியாக அஸ்ஸாம் போயிருந்தார். அவர் மனைவி, என் அக்கா செல்லி, கரைக்குக் கீழே, தீட்டுக் கழியும்வரை பெண்கள் ஒதுங்கியிருக்கும் பிள்ளைபெற்ற குடிசையில் ஒன்பது நாள் பெண்குழந்தையோடு கிடந்தாள். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் போய் விழும் இடம் அந்தக் குடிசைதான்.

ஆத்தாளை நம்புகிறவர்களே, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கோபத்தோடேயே சாட்சி சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். ஐப்பசி மழையில் ஓடை பொங்கினால் சரிவில் இருக்கும் சாமைக் காடுகளை மண்ணோடு வாரிக்கொண்டு போகும். மண் போய்விட்டால் மிஞ்சுவது பாறை. அதைத் தடுக்க, யுத்தம் தொடங்குவதற்கு முன்னால், சர்க்கார் பணம் அறுநூறு ரூபாயில் ஓடைக்குக் குறுக்கே ஒரு மண்கரை போட்டார்கள். இரண்டு ஆள் உயரம். அடியில் ஒரு கல்மதகு எப்போதும் திறந்தே இருக்கும். வருகிற வெள்ளத்தைக் கரை தடுத்து வைக்கும், மதகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மழை நின்றால் உள்ளே காலியாகிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மேஸ்திரி வேரையும் பிடுங்கவில்லை, மண்ணையும் இடித்து இறுக்கவில்லை. கொட்டினான், போனான். மூன்றாம் வருஷம் கரையின் மேல் கரையான் புற்று எழும்பியது.

வேறு ஊராக இருந்தால் முளைத்த அன்றே வெட்டி எறிந்திருப்பார்கள். நாங்கள் மஞ்சள் பூசினோம். கரையைக் காக்க ஆத்தாளே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று கும்பிட்டுக் கரையாத்தா என்று பெயரும் வைத்தோம். வெள்ளிதோறும் பால் ஊற்றினோம். புற்றுக்கண்ணுக்குள் முட்டையும் பொரியும் சாமைச்சோறும் போட்டோம். புற்று என் தோள் உயரம் வளர்ந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தங்கி எட்டாவது வரை படித்தேன். விடுமுறையில் அங்கே ஏரிக்கரை வேலைக்குக் கூலியாகப் போவேன். கரையில் கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயம் இல்லை, மண் கலந்து வந்தால் உள்ளே குடைகிறது என்று அந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். படிப்பு வந்ததும் சாமி கும்பிடுவதை விட்டேன். அதையும் மறைக்கவில்லை.

புதன்கிழமை பெருமழை அடித்து ஓய்ந்தது. கரையில் பாதிக்குத் தண்ணீர் ஏறி நின்றது. நான் அக்காவுக்குக் கஞ்சி கொண்டு போனபோது, புற்றுக்கு நேர் கீழே கரையின் அடியில் தண்ணீர் கொப்பளித்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். செம்மண் கலங்கல். குடிசைக்கு ஓடினேன்.

"அக்கா, பிள்ளையைத் தூக்கிட்டு மேல வா. இப்பவே வா."

"எப்படிடா வாரது? கரைமேலதானே தடம்? தீட்டோட ஆத்தா முன்னால நடந்தா இந்தப் பச்சைமண்ணுக்கு ஆகுமா?"

உண்மைதான். குடிசையிலிருந்து ஊருக்கு ஏற அந்தக் கரை ஒன்றுதான் பாதை. மற்ற மூன்று பக்கமும் பள்ளமும் பாறையும். தீட்டுக் கழிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். "ஏனுங்க, புத்த வெட்டியெடுத்து உள்ளே களிமண்ணு போட்டு இடிக்கோணுங்க. இப்ப மழை விட்டிருக்குது. தண்ணி வடியறப்பவே செஞ்சாத்தான் உண்டுங்க."

"ஏங்கண்ணு, நாலெழுத்து படிச்சதுக்கு ஆத்தா ஊட்டையே இடிக்கச் சொல்றியா?"

பின்னால் ஒருவன், "வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் சிலேட்டை எடுங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேர் காடும் அந்தக் கரைக்குக் கீழேதான் இருக்கிறது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"சரிங்க, எங்கக்காளையாவது கரை தாண்ட விடுங்க."

"அது ஆகாது. ஊரே நாசமாப் போயிரும்."

பூசாரி மாமாதான் நடுவே வந்தார். "ஆத்தாகிட்டயே கேப்போமுங்க. கிடா துலுக்கட்டும். துலுக்குனா வெட்டலாம்."

எங்கள் வழக்கம் அது. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது தலைமுதல் வால்வரை உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாவிட்டால் ஒரு பிடி மண்ணையும் யாரும் தொடமாட்டார்கள்.

வியாழக்கிழமை பொழுதுக்கும் ஊற்றினோம். கிடா அசையவில்லை. வாய் நிறையப் பொரியைத் தின்றுகொண்டு நின்றது. கீழே கலங்கல் தண்ணீர் வந்தபடியே இருந்தது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் மட்டும் புற்றின் முன்னால் நின்றேன். கைகூப்பவில்லை. கத்தினேன். "நீ இருக்கிறது மெய்யானா, இந்தப் பொந்தை உட்டு எந்திரி. எங்கக்கா தீட்டுன்னு உனக்கு யாரு சொன்னது? பிள்ளை பெத்தவ தீட்டுன்னா, எங்க எல்லாத்தையும் பெத்த நீ யாரு? உனக்கு ஒரு உசுருதான் வேணும்னா என்னை எடுத்துக்க. அந்தப் பிள்ளையை உட்டுரு." திட்டத் திட்ட அழுகை வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த மண்ணில் விழுந்தேன். படித்த கணக்கு எதுவும் அப்போது எனக்குக் கை கொடுக்கவில்லை. "எனக்கு வேற யாரும் இல்ல ஆத்தா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

வெள்ளி காலை திரும்பக் கூடினோம். மூன்று சொம்பு ஊற்றியாயிற்று. கிடா கல் மாதிரி நின்றது. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆத்தாளுக்கு இஷ்டமில்ல. கெளம்புங்க." அவர் சொல்லி முடிக்கவில்லை, மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. ஜனங்கள் ஒதுங்கத் திரும்பினார்கள். நடுக்கரையில் நின்ற கிடா, கொம்புமுதல் வால்வரை ஒரு உதறு உதறியது. மழைத்தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது.

கவுண்டர் மட்டும் ஒப்பவில்லை. "மழையில நனைஞ்சா எந்த ஆடும் ஒதறும். இதெல்லாம் செல்லாது."

என் படிப்பும் அதையேதான் சொல்லியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பூசாரி மாமா சொன்னார்: "நாம ஊத்துனோம், துலுக்கல. இப்ப ஊத்துனது யாருங்க?"

கவுண்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முதல் வெட்டை அவரே வெட்டினார்.

உள்ளே நாகம் இருக்கும் என்று எல்லோரும் பயந்தோம். நாகம் இல்லை. ஒரு கூடை முட்டை ஓடு இருந்தது. நாங்கள் வெள்ளிதோறும் போட்டதைத் தின்னப் பெருச்சாளிகள் குடிவந்திருந்தன. கரையான் விட்ட சின்னச் சின்ன வழிகளை அவை ஆள் நுழையும் வளையாக ஆக்கியிருந்தன. நான் இடுப்புவரை அதற்குள் இறங்கினேன். எங்கள் பக்தியையே தின்று எங்கள் கரையைக் குடைந்திருக்கின்றன! யார்மேல் கோபப்படுவது? மேஸ்திரியைத் திட்டினேன். ஊரைத் திட்டினேன். இத்தனை வருஷமும் கரையைச் சோதித்துப் பார்க்காத என்னையும் திட்டிக்கொண்டேன்.

வளை போன இடமெல்லாம் தோண்டினோம். பெண்கள் களிமண் சுமந்தார்கள். பிசைந்து போட்டு, உலக்கையால் இடித்து, காலால் மிதித்து, மறுபடி போட்டோம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் முழங்கால் உயரத்துக்குக் குழி மூட வேண்டியிருந்தபோது, போட்ட களிமண் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கவுண்டர் குழிக்குள் குதித்து மிதித்தார். "கொட்டுங்கடா, என்மேல பட்டாலும் பரவால்ல, கொட்டுங்க" என்று கூவினார். உச்சிப்பொழுதுக்குத் தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

அப்போது கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. பிள்ளையை மாராப்பில் கட்டிக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் ஏந்தியிருந்தாள்.

"தம்பீ! தெளிஞ்சு வருதுடா! ஊத்துத் தண்ணியாட்டம் வருது சாமி!"

பூசாரி மாமா கீழே பார்த்துச் சத்தம் போட்டார். "அங்கயே நின்னுட்டு என்ன பேச்சு? பிள்ளையக் கொண்டா மேல. புத்துமில்ல, தீட்டுமில்ல, வா ஆத்தா." அக்கா எங்கள் எல்லோர் முன்னாலும் கரைமேல் நடந்து வந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. நான் சேற்றில் அப்படியே விழுந்து கும்பிட்டேன்.

நம்பாதவர்கள் ஆடு நனைந்தது, உதறியது என்பார்கள். இருக்கட்டும். அந்த நேரத்தில், அந்த இடத்தில், முப்பது பேர் கையில் மண்வெட்டி இருக்கும்போது மழையை அனுப்பியது யார்? ஒரு நாழிகை பிந்தியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் கேட்டேன், அவள் செய்தாள். எனக்கு இது போதும்.

இப்போது கரையாத்தா கரைக்கு வெளியே பாறைமேல் இருக்கிறாள். பிள்ளைபெற்ற குடிசையை ஊர்ப்பக்கம் மேட்டில் போட்டுவிட்டோம். வெள்ளிதோறும் நான் ஒரு கோலை எடுத்துக்கொண்டு கரையின் இரண்டு பக்கமும் நடந்து, பொந்து இருந்தால் அடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விளக்கேற்றுகிறேன். அதுதான் என் பூசை. உங்களுக்கு ஆபத்து வந்தால் அவளிடம் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள், அவள் கேட்பாள். போகும்போது மண்வெட்டியையும் எடுத்துப் போங்கள்.

ஊர் கூடிச் செலவைச் சேர்த்துப் பார்த்தது. ஆத்தாளுக்குக் கொடுத்த கிடா ஐந்து ரூபாய். உடைந்த மண்வெட்டிகளுக்கு இரண்டு ரூபாய் எட்டணா. மஞ்சள், பொரி, கற்பூரம் ஒரு ரூபாய் நாலணா. கூலி யாரும் வாங்கவில்லை. ஆக மொத்தம் எட்டு ரூபாய் பன்னிரண்டு அணா.