லாரியின் சிவப்பு விளக்கு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, தேர்வெழுதுவதற்காகத் தோழி செல்வியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். குளிருக்காக ஹெல்மெட்டுக்குள் காதை மூடி மப்ளர் சுற்றியிருந்தேன். பனியில் சாலையே தெரியவில்லை. முன்னால் போன உப்பு லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஓட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

திடீரென்று மொபெட் சேற்றில் சிக்கி நின்றது. லாரி உப்பளத்துக்குள் திரும்பியிருக்கிறது, நானும் கூடவே வந்திருக்கிறேன். சிவப்பு விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.

செல்வி மப்ளரைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, ரிவர்ஸ்ல வாரான், குதி."

இருவரும் உப்புப் பாத்தியில் விழுந்தோம். லாரி மொபெட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அவ்வளவு ஹாரன் அடிச்சேன், கேக்கலியாம்மா?" என்றார் டிரைவர்.

சுடிதாரில் உப்புப் பூக்கப் பூக்கத் தேர்வெழுதினோம்.

இப்போது மப்ளர் கழுத்தோடு சரி. பனி இறங்கினால், விலகும்வரை டீக்கடையில் நிற்கிறோம். சிவப்பு விளக்கைக் கண்டால் மட்டும் செல்வி இன்னமும் என் மப்ளரைப் பிடித்துக்கொள்கிறாள்.