தண்ணீர் ஊற்றாமல் பார்த்த சோதனை

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் காபிக் கடை திறக்க முடிவு செய்தான். மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து முப்பது வருஷப் பழைய எஸ்பிரஸ்ஸோ மெஷினை வாங்கி, பித்தளை பளபளக்கத் தேய்த்து வைத்திருந்தான்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் பௌதிக ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். கரண்டு சமாசாரத்தைச் சோதிப்பது என் பொறுப்பாயிற்று. திறப்பு விழாவன்று காலை, ஆய்வகத்து மெக்கரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கைப்பிடியைச் சுற்றினால், கரண்டு எங்காவது கசியுமா என்று அதன் முள் சொல்லிவிடும். சுவிட்ச், வயர், கொதிகலனுக்குள் இருந்த ஹீட்டர் காயில் எல்லாவற்றையும் பார்த்தேன். கசிவில்லை. “சரியா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு மெக்கரோடு கல்லூரிக்குப் போனேன்.

முதல் வகுப்பிலேயே மனம் நிலைகொள்ளவில்லை. எதையோ விட்டுவிட்டேன். கரும்பலகையில் எழுதியதை இருமுறை அழித்தேன். ஒரு மாணவி பீக்கரில் தண்ணீர் பிடித்து வந்தபோதுதான் உறைத்தது. கொதிகலனில் தண்ணீரே இல்லாமல் அல்லவா சோதித்தேன்! காயிலின் உறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காய்ந்திருக்கும்போது தெரியாது; தண்ணீர் உள்ளே புகுந்தால் மெஷினைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

கடையில் போன் கிடையாது. லீவு சொல்லிவிட்டு மெக்கரோடு ஓடினேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

கடையில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. அண்ணி ஈரத்துணியால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கை சுவிட்சுக்குப் போனது.

“போடாதீங்கண்ணே!”

“என்ன ஆச்சு? காலையில நீதானே சரின்னு சொன்னே?”

“தண்ணியில்லாம பாத்துட்டேன். தப்பு என்னுதுதான்.”

வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, மறுபடி மெக்கரைச் சுற்றினேன். முள் சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது; கரண்டு கசிகிறது என்று அர்த்தம். அண்ணி துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று எல்லாருக்கும் டிகிரி காபிதான். மூன்று வாரம் கழித்துப் புதுக் காயில் வந்தது. தண்ணீர் நிரப்பி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, நான்கு முறை சோதித்தேன்.

“எங்க தங்கச்சி பாத்து விட்ட மெஷினுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் பெருமையாகச் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுவிட்சுக்குப் போன அவன் கையும் அண்ணியின் ஈரத்துணியும்தான் நினைவுக்கு வரும்.