ஒரே ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை

"நான் ஒரு சர்வர் நடத்துறேன்" என்று அவள் சொன்னால், "எந்த ஓட்டல்ல?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் ஊசி குத்துகிறவளுக்கு இந்தக் கேலி பழகிப்போயிருந்தது. வீட்டு அலமாரியில், மடித்த போர்வைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கணினி ஓயாமல் ஓடும். அதில் எழுபது பெண்கள் எழுதினார்கள், படம் போட்டார்கள், புலம்பினார்கள். நடுவில் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. இதேபோல ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஆளுக்கொன்றாக. இங்கே ஒருத்தி எழுதினால், அவளைப் பின்தொடர்கிறவர்கள் எந்தெந்தச் சர்வரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு பிரதி போய்விடும். அழித்தால், 'நீயும் அழித்துவிடு' என்று அதே வழியில் ஒரு செய்தி போகும். கேட்பதும் கேட்காததும் அந்தந்தச் சர்வரின் பாடு.

அந்த எழுபது பேரில் ஒருத்தி டீச்சர். குடித்துவிட்டு வந்து கையை முறித்த கணவனிடமிருந்து மகளோடு தப்பி வந்தவள். ஒரு புதன்கிழமை மதியம் அவள் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சுன்னு படம் போட்டேன். பின்னாடி எங்க பில்டிங் போர்டு தெரியறதப் பார்க்கவே இல்ல. உடனே அழிச்சிட்டேன். போயிடுச்சுல்ல?"

"இரு, பார்க்கிறேன்."

படம் முப்பத்தோரு சர்வர்களுக்குப் போயிருந்தது. அழிக்கச் சொன்ன செய்தி கிடைத்ததென்று முப்பது சர்வர்கள் பதில் சொல்லியிருந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதன் பக்கத்தைத் திறந்தாள். பொக்கைவாய்ச் சிரிப்பும், தலைக்கு மேலே கட்டிடத்தின் பெயரும் பளிச்சென்று இருந்தன. இடம் நிரம்பிப்போன அந்தச் சர்வர் புதிதாக எதையும் வாங்கவில்லை. ஏற்கெனவே வாங்கியதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது.

அது எந்தச் சர்வர் என்று டீச்சரிடம் சொன்னாள்.

"அதுல என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா. என் கொழுந்தனும் அதுலதான் இருக்கான்க்கா."

பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு எதிரே ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். ஊசியைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டு லீவு சொன்னாள்.

"வீட்டுக்குப் போகாத. பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு நேரா என் வீட்டுக்கு வா."

அவளுடைய சர்வர் ஒரு நிமிடம் விட்டு, பிறகு ஐந்து நிமிடம் விட்டு மறுபடி மறுபடி அந்தச் சர்வரின் கதவைத் தட்டிப் பார்த்தது. பயனில்லை. அதை நடத்துகிறவரின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். அவர் பஸ் டிரைவர். மனைவிதான் எடுத்தார்.

"வண்டியில இருக்கும்போது போனை அணைச்சிடுவார்மா. நாலு மணிக்குத்தான் டிப்போவுக்கு வருவார்."

இன்னும் இரண்டரை மணி நேரம். டீச்சரும் பாப்பாவும் வந்து சேர்ந்த பிறகும், வீட்டு வாசலில் காலடி கேட்டபோதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாலு பத்துக்கு டிரைவர் கூப்பிட்டார். கதையைக் கேட்டதும், "ஐயையோ! இடம் நிரம்பப்போகுதுன்னு காலையிலயே எச்சரிக்கை வந்துச்சும்மா. வந்து பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றவர், டிப்போ படியில் உட்கார்ந்தபடியே போனிலேயே படத்தை நீக்கினார்.

"யார் யார் பார்த்தாங்கன்னு தெரியுமாண்ணே?"

"தெரியாதும்மா. அந்தக் குறிப்பெல்லாம் நான் வெச்சுக்கறதில்ல. யாரையும் வேவு பார்க்கக் கூடாதுன்னுதானே நாம இதையே நடத்துறோம்?"

அவளும் எழுபது பேருக்கு அதைத்தான் சொல்லியிருந்தாள்.

"அதான் அழிஞ்சிடுச்சேக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் டீச்சர். இவள் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த வீட்டைக் காலி செய்ய வைத்தாள். பாப்பாவைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை.

ஒன்பதாம் நாள், பழைய வீட்டுப் பக்கத்து வீட்டம்மா டீச்சருக்குப் போன் செய்தார். இரண்டு ஆண்கள் வந்தார்களாம். போனில் பல் விழுந்த ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி, எந்த மாடி என்று கேட்டார்களாம். "காலி பண்ணிட்டாங்க, எங்க போனாங்கன்னு தெரியாது" என்று வாட்ச்மேன் சொல்லியனுப்பியிருக்கிறார்.

அன்று மாலையே அவளும் டீச்சரும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். எழுதி முடிக்கும்வரை டீச்சர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரவே இல்லை.